மாணிக்க மழை

முதலில் தலையிலிருக்கும் சொங்கோக் தொப்பியைக் கழற்றுவார். அதை மேசைமேல் ஃபோனுக்கு முன்னால் மறைப்பாக நிறுத்துவார். பிறகு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முதுகுக்குப் பின்னால் கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம், டிவி எதுவும் இல்லையென்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வார். அதற்கப்புறம்தான் ஷம்சுதீன் தன் நண்டை வெளியே விடுவார்.

நண்டு ஃபோனுக்குள் இருக்கிறது. ஆளுக்கொரு விநோத ஜந்துவை வளர்த்து மோதவிடும் விளையாட்டு. ஞாயிறு மாலை அசர் தொழுகை முடிந்ததும் குருபோங் வட்டாரத்தில் ரிதுவானின் சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் கூடுகிறார்கள். கடைக்காரர் ரிதுவான், லாரி ஓட்டும் ஹரிதாஸ், தொழிற்சாலையில் சாமான்களைக் குறை பார்த்து அனுப்பும் ஷாமினி, அப்புறம் அறுபத்தொரு வயது ஷம்சுதீன். மற்ற மூவரும் அவருக்குப் பிள்ளை வயது. அதைப் பற்றி அவருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

மலாக்கா டவுனில் மோதிரக்கல் வியாபாரம், முப்பத்து நாலு வருஷம். கல்லை வெளிச்சத்தில் பிடிப்பார், லென்ஸைக் கண்ணில் இடுக்கிப் பார்ப்பார், கடைசியில் கீழுதட்டில் வைப்பார். அசல் கல் சில்லென்றே இருக்கும். கண்ணாடி என்றால் சட்டென்று சூடேறிவிடும். உதடு சொன்னதே தீர்ப்பு. சொன்ன தீர்ப்பை அவர் ஒருநாளும் திருப்பி வாங்கியதில்லை.

தொழிலுக்கு அது சரி. மனுஷர் வீட்டிலும் அப்படியே. மனைவி சாலிஹா மாத்திரை கொடுத்தால் அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பார். பாசாரில் மீன்காரர் சிரித்துவிட்டால் போச்சு, செவுளை இன்னொரு தரம் தூக்குவார். மகள் நூருல் ஐன் காலையில் நலம் விசாரித்துச் செய்தி அனுப்பினால், "என்ன இன்னிக்கு இவ்ளோ பாசம்?" என்று பதில் போகும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு விளக்கைப் போட்டாலும் பேய்தான்.

நண்டின் பெரிய ஆயுதம் கல். முதுகு ஓட்டைத் திறந்து, எதிரியின் தலையில் சிவப்புக் கற்களாகக் கொட்டும். அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் இருக்கிறது. அவர் வைத்த பெயர் மாணிக்க மழை. முதன்முதலில் பார்த்தபோது திரைமேலேயே லென்ஸை வைத்துவிட்டார். "இவ்ளோ பெரிய மாணிக்கத்துல ஒரு கீறல்கூட இல்லன்னா அது கண்ணாடிதான்" என்று முகத்தைச் சுளித்தார். கல் போலியோ என்னவோ, அடி அசல் அடி. பட்ட ஜந்து எழுந்திருக்காது. ஆனால் ஓர் ஆட்டத்தில் ஒரே தடவைதான் வீசலாம். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே சமயத்தில் தங்கள் அடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரிதுவானும் ஹரிதாஸும் அந்த மழையில் மண்ணைக் கவ்வுவார்கள். ஷாமினியின் பெருச்சாளி மட்டும், அவர் மழையைத் தேர்ந்தெடுக்கும் அதே சுற்றில் பொந்துக்குள் போய்விடும். அத்தனை கல்லும் வெறுந்தரையில் கொட்டும். ஆறு ஞாயிறாக இதே கூத்து.

ஆறாவது ஞாயிறு அவரால் நாக்கை அடக்க முடியவில்லை. அந்தப் பிள்ளை ஃபோனில் ஏதோ திருட்டு வேலை செய்து வைத்திருக்கிறது, ஹரிதாஸும் கண்ஜாடை காட்டுகிறான் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். போலிக் கல்லைப் பற்றிச் சொல்கிற அதே குரல்.

ஷாமினி முகம் வாடிப்போனது. ஆனாலும் தன் ஃபோனை அவர் பக்கம் தள்ளினாள்.

"நல்லா செக் பண்ணுங்க அங்கிள். ஒண்ணும் இல்லன்னா எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லணும். சொல்லலன்னா அடுத்த வாரத்துலேருந்து நான் வரமாட்டேன் லா."

அவள் வராவிட்டால் தானும் வரப்போவதில்லை என்றான் ஹரிதாஸ். ஞாயிற்றுக்கிழமையை நம்பித்தான் ஷம்சுதீன் மற்ற ஆறு நாளையும் ஓட்டுகிறார். ஆனாலும் சந்தேகம் விடுமா? ஃபோனின் உறையைக் கழற்றினார், கேமராவில் லென்ஸை வைத்துப் பார்த்தார், ஹரிதாஸைக் கல்லாப்பக்கம் அனுப்பினார், ஷாமினியை ரிதுவானின் ஃபோனிலிருந்து ஆடச் சொன்னார். மாணிக்க மழை மறுபடியும் தரையில்தான் கொட்டியது.

ஷம்சுதீன் உறையை மாட்டி ஃபோனை அவள் பக்கம் திருப்பித் தள்ளினார், அவ்வளவுதான். ஷாமினி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

சங்கடம் தாளாமல் ஹரிதாஸ் தன் மோதிரத்தைக் கழற்றி நீட்டினான். லூபோக் சீனாவில் வாங்கினானாம், அசலா என்று பார்க்க வேண்டுமாம். ஷம்சுதீன் வெளிச்சத்தில் பிடித்தார். லென்ஸில் பார்த்தார். கீழுதட்டில் வைத்தார். புறப்பட்ட ஷாமினி அப்படியே நின்று, அவருடைய விரலையே பார்த்தாள்.

"இதத்தான் அங்கிள் செய்றீங்க. மழை போடப் போறப்பல்லாம் வெறும் விரலு உதட்டுக்குப் போயிருது. எட்டு மணி நேரம் கோளாறு பாத்துத்தான நான் சம்பளம் வாங்கறேன்."

அவர் நம்பவில்லை. எதைத்தான் உடனே நம்பியிருக்கிறார்? ரிதுவானைத் திரும்பிப் பார்த்தார். ரிதுவான் தலையைச் சொறிந்துகொண்டு, தானும் அதைக் கவனித்ததுண்டு என்றும், மனுஷர் ஏதோ ஓதிவிட்டு அடிக்கிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்ததாகவும் சொன்னார்.

மோதிரம் இன்னும் உதட்டில் சில்லென்றே இருந்தது. அசல் கல்தான் என்று ஹரிதாஸிடம் திருப்பிக் கொடுத்தார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"ஷாமினி மேல தப்பில்ல" என்றார், கடைசி மேசைக்கும் கேட்கும்படி. "நான் சொன்னதுதான் தப்பு."

முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவை. ஷாமினி பையை நாற்காலியில் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இன்னோர் ஆட்டம்.

ஷம்சுதீன் ஃபோனை மறைத்திருந்த சொங்கோக்கை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு தன் வலது கையை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். அதைத் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன்மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டு, இடது கையால் நண்டை வெளியே விட்டார்.