சிசிலியா மிஸியும் என் மகளின் கண்ணும்

"ஓம், மூக்கு என்ரை மூக்குத்தான்!"

யாரும் கேட்கவில்லை. பேரன் பிறந்த மகிழ்ச்சியில் ஆஸ்பத்திரி நடையில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நானே சொல்லிக்கொண்டு நின்றேன்.

"ஏரம்பு ஐயா, மூக்கு எங்கையும் ஓடாது. சத்தத்தைக் குறையுங்கோ" என்றார் தாதி சிசிலியா மிஸி.

சத்தத்தைப் பற்றி அவர் பேசலாமா? குருநகர்க் கரையில் நின்று தகப்பனின் வள்ளத்தைக் கூப்பிட்டு வளர்ந்த தொண்டை அது. நோயாளியின் கட்டிலருகில் மட்டும் பஞ்சாகிவிடும்.

பிள்ளைப்பேற்றில் வலிப்பு வந்ததால், என் மகள் குணலட்சுமியை மருந்தால் உறங்கவைத்து, மூச்சுக்கு இயந்திரம் பூட்டியிருந்தார்கள். அந்த உறக்கத்தில் இமை சரியாக மூடாதாம், இமைக்கவும் முடியாதாம். "கண் காய்ஞ்சால் கருமணி புண்ணாகும், பார்வையும் போகலாம்" என்று மிஸி சொன்னதிலிருந்து எனக்கு ஒரே பயம். குணம் எழும்புவாள். பிள்ளையைக் காண்பாளா?

இமையை ஒட்டும் பிளாஸ்டருக்கும் போரால் தட்டுப்பாடான தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. மிஸி ஒவ்வொரு முறையும், "குணம், கண்ணைத் தொடுறன், கோவிக்காதை" என்பார். உறங்குகிறவள் பதில் சொல்வாள் என்பதுபோல் சற்றுப் பொறுப்பார். பிறகு துடைத்து, களிம்பு பூசி, இமையை மூடி, ஈரம் போகாமல் சுத்தமான பொலித்தீன் துண்டை மேலே வைப்பார்.

பண்டத்தரிப்பிலிருந்து என் அக்கா கமலாவதி திருநீற்றோடு வந்தார். பொத்தி வைத்த கண்ணைக் கண்டார். எங்கள் ஊரில் யாருக்குக் கண்ணை மூடிவிடுவோம்? கொண்டையை அவிழ்த்து ஒப்பாரி தொடங்கிவிட்டார். நடையில் நின்ற, எங்களை யாரென்றே தெரியாத இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அழுதபடியே அக்கா பொலித்தீனை இழுக்க, இமை விலகியது.

"ஐயோ, முழிச்சிட்டாள்! என்னைப் பாக்கிறாள்!"

மிஸி பறந்து வந்தார். "அவ ஒருத்தரையும் பாக்கேல்லை அம்மா! சந்தையிலை மீன் வாங்கேக்கை கண்ணைத்தானே பாப்பியள்? வெயிலிலை கிடந்த மீனின்ரை கண் மங்கி..."

"வெள்ளிக்கிழமையிலை மீன்கதை கதையாதை பிள்ளை!" அக்கா இரண்டு காதையும் பொத்தினார். அக்காவின் கை பட்ட பொலித்தீனை மிஸி எடுத்தெறிந்து, கண்ணைக் கழுவி, புதுத் துண்டு வைத்து மூடினார்.

அதன்பிறகு அக்காதான் காவல். கண்ணைப் பார்க்க வந்த பெரிய டொக்டரிடமே, "பாத்திட்டு மூடிவிடுங்கோ தம்பி" என்றார்.

ஒரு காலை, மருந்தை நிறுத்திக் குழாயையும் எடுத்தார்கள். குணம் கண் திறந்தாள். மிஸி பிள்ளையை ஏந்திக் காட்டினார். அவள் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஐயோ அப்பா..." குரல் கரகரத்தது. "உங்கடை மூக்கு."

நான் அழுதேன். அக்கா மறுபடி கொண்டையில் கை வைத்தார். பிள்ளையும் வீறிட்டான்.

மிஸி குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"இவர் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டுதான் கத்திறார். இவருக்கு நான் தேவையில்லை."