வெட்டிய ஓரம்

அவருக்குக் கத்திரி என்று பெயர் வைத்தவர்கள் போட்டோகிராபர்கள். அதுவும் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர். வெயிலில் காய்ந்து, தள்ளுமுள்ளில் மிதிபட்டு, ஒருத்தன் ஒரு படம் எடுத்துக்கொண்டு வருவான். இவர் கம்ப்யூட்டர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மேலே வானத்தை வெட்டு, கீழே தரையை வெட்டு, ஓரத்தில் நிற்கிறவனை வெட்டு என்று பாதியைக் குப்பைக்கு அனுப்பிவிடுவார். ஏன் என்று கேட்டால், "வாழைப்பழத்தைத் தோலோடவா தின்பே?" என்பார்.

அது மாலைப் பத்திரிகை. பகல் பன்னிரண்டே முக்காலுக்கு முதல் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும், இரண்டு மணிக்குத் தெருவில் இருக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக அந்த முதல் பக்கத்தைப் போட்டவர் கத்திரி. ஒரு வரிகூட எழுதியதில்லை, எழுத வராது என்று அவரே சொல்லுவார். ஆனால் படத்தை வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவருக்கு இருந்தது ஒரே ஒரு விதி: யாருடையது என்று தெரியாத கையோ முழங்கையோ பாதித் தோளோ படத்தின் ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. சொந்தக் கல்யாணப் படத்திலேயே ஓரத்தில் நின்ற மச்சானை வெட்டிவிட்டுத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். மனைவி பதினைந்து நாள் பேசவில்லை.

எதிர் மேஜையில் விளையாட்டுப் பக்கம் போடும் அம்மா. பன்னிரண்டு வருடச் சண்டைக்காரி. அவள் பக்கத்தில் எப்போதும் எவனுடைய காலோ கையோ ஓரத்தில் தொங்கும். கத்திரி தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "தாயே, இது யாரு கை? நம்ம ஆபீஸ்ல சம்பளம் வாங்குற கையா?" என்று கேட்பார். "உங்களுக்குக் கை தெரியும், எனக்கு ஆட்டம் தெரியும். போங்கண்ணே அந்தப் பக்கம்," என்பாள் அவள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் முழக்கம் வந்து சேர்ந்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் அவனைத் தெருநாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. "வெளியூர்லேருந்து வந்தவனெல்லாம் வெளியே போ!" என்று மைக் பிடித்துக் கத்துகிற ஒரு ஆள், ‘மண் காப்புப் படை’ என்று ஒரு பலகை, பின்னால் நாற்பது பேர். அவ்வளவு பெரிய மைதானத்தில் நாற்பது பேர் என்றால் எப்படித் தெரியும்? ஆசிரியர் வந்து படத்தை எட்டிப் பார்த்தார். "ஆள் நல்லா கத்துறான்யா. கொஞ்சம் பெருசா காட்டு," என்றார்.

கத்திரி காலி மைதானத்தை நாலு பக்கமும் வெட்டினார். மிஞ்சியது ஓங்கிய ஒரு கை, திறந்த வாய், தோளோடு தோள் முட்டுகிற தலைகள். நாற்பது பேர் நாலாயிரம் ஆகிவிட்டார்கள். ‘முழக்கம்!’ என்று தலைப்புப் போட்டார்கள், அதுவே அவனுக்குப் பெயராகிப்போனது. அன்றைக்குப் பத்திரிகை ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்? வாரத்துக்கு இரண்டு நாள் அந்த வாய் முதல் பக்கத்தில் திறந்தது. ஒரு வருடம் போனதும் மைதானத்தில் நிஜமாகவே நாலாயிரம் பேர் நின்றார்கள்.

அவர்கள் சும்மா நிற்பார்களா? வெளியூர்க்காரன் ஒருத்தனின் பழ வண்டியைக் கவிழ்த்து, அவன் முழங்காலை எடைக்கல்லால் உடைத்தார்கள். எதிர்த்துப் பேசிய கல்லூரி வாத்தியாரை வகுப்பிலிருந்து தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து மாடிப்படியில் உருட்டினார்கள். பத்திரிகையில் எல்லாமே ‘பரபரப்பு’ என்று வந்தது. ரத்தம் இருந்த பாகத்தைக் கத்திரி வெட்டினார், ஓங்கிய கையை விட்டுவைத்தார்.

முழக்கம் ஒருநாள் ஆபீசுக்கே வந்தான். "அண்ணே, உங்க கையாலதான் நான் ஆளானேன்," என்று கத்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் விரலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பச்சைக்கல் மோதிரம். கத்திரிக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டார்.

மனைவிக்குப் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. "இந்த மாசம் மட்டும் நாலு பேருங்க, வாயைப் பொத்திக்கிட்டு வந்தாங்க. நாலும் உங்க ஆளு உடைச்ச பல்லு," என்றாள்.

"நான் பக்கம் போடுறவன், பக்கம் சாயுறவன் இல்ல," என்றார் கத்திரி. இந்த வசனத்தின் மேல் அவருக்கு ரொம்பப் பெருமை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு முழக்கமும் முப்பது பேரும் ரிப்பேர் கடைத் தெருவில் புகுந்தார்கள். பாதிக் கடைகள் வெளியூர்க்காரர்களுடையவை. ஆபீஸ் போட்டோகிராபர் எதிர் மாடியில் இருந்தான், பதினோரு படம் அனுப்பினான். முதல் படத்தில் மின்விசிறி ரிப்பேர்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்கிறார். மூன்றாவதில் அவர் தலையில் கம்பி இறங்குகிறது. ஐந்தாவதில் அவர் தரையில் கிடக்கிறார், பக்கத்தில் இரண்டு பல், கழற்றிப் போட்ட திருகாணிகளோடு கலந்து. ஒருத்தன் அவர் விரல்களின் மேல் விசிறி மோட்டாரைத் தூக்கிப் போடுகிறான். எட்டாவதுதான் படம் என்றால் படம். தலை பிளந்து கிடக்கிறார் ரிப்பேர்காரர். அவருக்கு மேலே நீலச் சட்டை போட்ட ஒரு பெரிய ஆள், இரண்டு கையாலும் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். இடது ஓரத்தில் பாதி முகம், ஒரு தோள், ஒரு கை.

மணி பன்னிரண்டு இருபத்தெட்டு. "நாலு பத்திக்கு ஒண்ணு போடுய்யா, சீக்கிரம்!" என்று ஆசிரியர் கத்தினார். முழக்கத்தை வெட்டு என்று அவர் சொல்லவில்லை. அவர் மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது. இருபத்தாறு வருடப் பழக்கம் கத்திரியின் விரலிலேயே ஊறிப்போயிருந்தது. ஓரத்தில் பாதி ஆள் துருத்திக்கொண்டிருந்தான், வெட்டிவிட்டார். மோதிரம் கண்ணில் பட்டதா? பட்டது. நின்று பார்க்க நேரமில்லை என்று அவர் பிற்பாடு சொன்னார். பார்க்க மனமில்லை என்பதையும் பிற்பாடு அவரே ஒத்துக்கொண்டார்.

வெட்டிய படம் துணை ஆசிரியரிடம் போனது. அவர்கள் ஆபீஸ் வழக்கப்படி, படத்தின் கீழே வரி எழுதுகிறவர் முழுப் படத்தைப் பார்க்க மாட்டார், பக்கத்தில் ஏறிய வெட்டிய படத்தைத்தான் பார்ப்பார். பார்த்தார். கீழே ஒருத்தர் கிடக்கிறார், மேலே ஒருத்தர் கம்பியோடு நிற்கிறார். ‘கடைக்காரரைக் கொடூரமாகத் தாக்கும் ஆசாமி’ என்று எழுதினார்.

அந்த நீலச் சட்டைக்காரர் பக்கத்துக் கடையில் பூட்டுக்குச் சாவி போடுகிறவர். கம்பியைப் பிடித்து நிறுத்தியவர் அவர். மறுநாள் காலையில், நினைவில்லாமல் கிடக்கும் நண்பருக்கு ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். வாசலில், சேதி கேட்டு ஊரிலிருந்து வந்திருந்த ரிப்பேர்காரரின் தம்பிமார் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், மடியில் பத்திரிகை. "இவன்தாண்டா!" என்று ஒருத்தன் எழுந்தான். அவர் சொல்ல வந்ததை யார் கேட்டார்கள்? செங்கல்லால் முகத்தில் அடித்தார்கள். தாடை இரண்டாகப் போனது, இடது கண் போனது. கீழே விழுந்தவரை, ரத்தம் கொடுக்க வந்த அந்த வாசலிலேயே, அவர் ரத்தம் ஓட ஓட மிதித்தார்கள். போலீஸ் வந்து, அடித்தவர்களை விட்டுவிட்டு, அவரைக் கட்டிலோடு விலங்கு போட்டது. பத்திரிகையில்தான் வந்துவிட்டதே!

மூன்றாம் நாள் சாவிக்காரரின் மனைவி ஆபீசுக்கு வந்தாள். டீ குடிக்கக் கீழே இறங்கிய கத்திரி வரவேற்பறையில் அவளைப் பார்த்தார். அவள் அழவில்லை, கத்தவில்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து, மேஜையில் விரித்து, விரலை வைத்தாள்.

"என் வீட்டுக்காரர் பிடிச்சிருக்கிறது கம்பியோட நடுவுலய்யா. அடிக்கிறவன் நடுவுலயா பிடிப்பான்? இதோட அந்த முனை எங்க? அதைப் பிடிச்சிருக்கிறது யாரு?"

வரவேற்பறைப் பெண் ஏதோ மழுப்பினாள். இருபத்தாறு வருடத்தில் எந்த ஆசிரியரும் எந்தப் போட்டோகிராபரும் கேட்காத கேள்வி அது. கத்திரி டீ குடிக்காமல் மேலே ஏறினார், முழுப் படத்தைத் திறந்தார். அந்த முனையில் பச்சைக்கல் மோதிரம் இருந்தது. பாதி முகத்தில் அதே திறந்த வாய்.

ஆசிரியர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "திருத்தம் போட்டா ஆபீசைக் கொளுத்திடுவான்யா. உன்னை உயிரோட விடுவான்னு நினைக்கிறியா? போட்டோகிராபரை லீவுல அனுப்பியாச்சு. நீ அந்தப் படத்தை அழிச்சிடு, விஷயம் முடிஞ்சுது."

"அந்த ஆளு ஜெயிலுக்குப் போவாரே சார்?"

"கோர்ட்ல சொல்லிக்கட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதைத்தான் இத்தனை நாளாகச் செய்துகொண்டிருந்தோம் என்பது கத்திரிக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சனியன், உறைக்க இத்தனை வருடமா? வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் ஆறுதலா சொன்னாள்?

"பக்கம் சாயுறவன் இல்லைன்னு சொல்வீங்களே. வெட்டி எறிஞ்சது எந்தப் பக்கத்தைங்க?"

வெள்ளிக்கிழமை முதல் பக்கத்தில் முழக்கத்தின் புதுக் கூட்டத்துப் படம், ஐந்து பத்திக்கு. பன்னிரண்டரைக்கு ஆசிரியர் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். அச்சுக்கு அனுப்புவது கத்திரியின் கையில்தான். அவர் கூட்டத்துப் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எட்டாம் படத்தை முழுசாக வைத்தார். ஒரு நூல்கூட வெட்டவில்லை. கீழே, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவரே எழுதினார்: ‘முழுப் படம் இதுதான். சாவிக்காரர் தடுத்தவர். செவ்வாய்க்கிழமை ஓரத்தை வெட்டியவன் நான்.’ பயத்தில் ஒருமுறை கழிவறைக்குப் போய்விட்டு வந்தார்.

எதிர் மேஜையிலிருந்து விளையாட்டுப் பக்கத்து அம்மா எட்டிப் பார்த்தாள். "ஓரத்துல ஒரு கை தெரியுதுண்ணே, வெட்டலையா?"

"இருக்கட்டும் தாயே," என்று சொல்லிவிட்டு அனுப்பினார்.

மூன்றேகால் மணிக்கு வந்தார்கள். உள்ளே ஓடி ஒளிந்திருக்கலாம். ஆனால் ஆசிரியர் அதற்கு முன்பே அவரை வெளியே போகச் சொல்லி, இரும்பு கேட்டை உள்பக்கம் பூட்டிவிட்டார். கத்திரி தெருவில் கேட்டுக்கு வெளியே நின்றார். முதலில் முதுகில் ஒரு கட்டை விழுந்தது. திரும்பியதும் வாயில் ஒன்று. குப்புற விழுந்தவரின் விலாவில் நாலைந்து பேர் மாற்றி மாற்றி உதைத்தார்கள், எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. அப்புறம் கூட்டம் விலகியது. முழக்கம் குனிந்து, சட்டைக் காலரைப் பிடித்து அவரை உட்காரவைத்தான்.

"என்னை ஆளாக்கினதே நீங்கதானேண்ணே. அப்புறம் ஏன்ணே இந்தப் புத்தி?"

வளர்த்த கடா மார்பில் பாய்கிறது என்பார்கள். இது பாய்வதற்கு முன் அண்ணே என்று கூப்பிட்டது. கத்திரி ரத்தத்தைத் துப்பினார்.

"வெட்டுற கை எதுண்ணே? வலதா?"

வலது கையைப் பிடித்து, கேட்டுக்கு வெளியே இருந்த வாட்ச்மேன் கூண்டுக் கதவின் கீல் இடுக்கில் வைத்தார்கள். அந்த இரும்புக் கதவை முழக்கமே பிடித்து இழுத்து அடித்தான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நாலு விரலும் நசுங்கின. கத்திரி போட்ட அலறலில் எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். மேலே ஆபீஸ் ஜன்னலெல்லாம் தலைகள், ஒருத்தர்கூட இறங்கி வரவில்லை. ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் ஒரு செல்போன் நீட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மாலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி கத்திரி அன்றைய பத்திரிகையைப் பார்த்தார். மனைவி விரித்துப் பிடித்தாள். ‘ஊழியர் மீது அடையாளம் தெரியாத கும்பல் தாக்குதல்’ என்று இருந்தது. படத்தில் அவர் கீழே கிடந்தார், கேட் தெரிந்தது, அடித்த ஒருத்தனுக்கும் முகம் இல்லை. சுத்தமாக வெட்டியிருந்தார்கள். எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

விளையாட்டுப் பக்கத்து அம்மா அப்போதுதான் வார்டுக்குள் வந்தாள். முதல் பக்கத்தை இப்போது அவள்தான் போடுகிறாள். "முகம் ஒண்ணுகூட வேண்டாம்னுட்டாருண்ணே ஆசிரியர். நான் வெட்டினதை மட்டும்தான் பாத்தார்," என்றாள் மெதுவாக. "நான் வெட்டாததைப் பாக்கலை. ஓரத்தைப் பாருங்க."

கத்திரி மறுபடி பார்த்தார். இடது ஓரத்தில், கூண்டுக் கதவைப் பிடித்தபடி, மணிக்கட்டோடு ஒரு கை துருத்திக்கொண்டிருந்தது. பச்சைக்கல் பளிச்சென்று தெரிந்தது. வாயெல்லாம் தையல். ஆனாலும் பன்னிரண்டு வருடப் பழக்கம் விடுமா? முடிந்த மட்டும் குரலைத் தூக்கி, "தாயே, இது யாரு கை?" என்று கேட்டார்.

எதிர்க் கட்டிலில் சாவிக்காரர் தாடையைக் கம்பியால் கட்டிக் கிடந்தார், காலில் இன்னும் விலங்கு. அவர் மனைவி நேற்றிலிருந்து கத்திரியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டபோது, "உங்க விரலு ஒட்டிக்கும்யா, இவரு கண்ணு ஒட்டுமா?" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டவள். இப்போது எழுந்து வந்தாள், பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள்.

"முழக்கத்தோட கை," என்றாள். "அந்த முனையைப் பிடிச்சிருந்த அதே கை."

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார், கேட்காத மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் பத்திரிகையோடு நேரே அவர் முன்னால் போய் நின்று, இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னாள்.