எல்லோருக்கும் அனுப்பு

சுனாமிக்கு அடுத்த வருடம் கல்முனையில் நான் ஒரு சின்ன இன்டர்நெட் கடை வைத்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கு எழுத வருபவர்கள்தான் அதிகம். அவர்களில் ஒருவர், நான் ராத்தா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அக்கா. வீட்டையும் கணவரையும் கடல் கொண்டுபோன பிறகு, இரண்டு பெண் பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் இருந்தார். கட்டாரிலிருந்த தன் தம்பிக்கு, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி மின்னஞ்சல் அனுப்புவார். அந்த முகவரி, கணவர் சவூதியில் வேலை செய்த காலத்தில் திறந்தது. அதனால் கடிதங்கள் கணவர் பெயரில்தான் போகும்.

ஒரு நாள் காலையில் ராத்தா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"தம்பி, எல்லாத்தையும் நிப்பாட்டுங்க! கொம்பியூட்டரெல்லாம் எரியப் போகுதாம்!"

போய்ப் பார்த்தேன். கட்டார் தம்பிதான் அனுப்பியிருந்தார். மருந்தே இல்லாத ஒரு வைரஸ் கிளம்பியிருக்கிறது, ஒரு பெரிய கம்பனி நேற்று அறிவித்தது, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் உடனே அனுப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க தம்பி. அண்டைக்குக் கடல் உள்ளுக்குப் போனத வேடிக்கை பாத்துக்கிட்டுத்தான் எங்கட மனிசன் நிண்டவர். ஓடுங்க எண்டு ஆராவது ஒருத்தர் சொல்லியிருந்தா?"

என் சிரிப்பு நின்றுபோனது. அந்த நாட்களில் யாராவது 'கடல் வருது' என்றால் போதும், ஊரே மேற்கே வயல் பக்கம் ஓடும். நானும் செருப்பில்லாமல் ஓடியிருக்கிறேன். ஒரு எச்சரிக்கையைப் பொய் என்று தள்ளிவிட எங்கள் கரையில் யாருக்குத் துணிவிருந்தது?

பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "இருங்க ராத்தா, ரெண்டு பேரும் சேந்து பாப்பம்."

'நேற்று' என்றிருந்தது, எந்த நேற்று என்று இல்லை. கம்பனியின் பெயர் இருந்தது, அந்தக் கம்பனி அதை எங்கே சொன்னது என்று இல்லை. தப்பிக்க வழியும் இல்லை. எல்லோருக்கும் அனுப்பு என்பது மட்டும் பெரிய எழுத்தில் திரும்பத் திரும்ப வந்தது. அதில் ஒரு வரியை எடுத்துத் தேடினேன். மெதுவாகத் திறந்தது வைரஸ் தடுப்பு நிறுவனமொன்றின் பக்கம். போலி எச்சரிக்கைகளைத் தொகுத்து வைத்திருந்தார்கள். எங்கள் கடிதமும் அங்கே இருந்தது, அதே சொற்கள், அதே 'நேற்று'. சுனாமிக்குப் பல வருடங்களுக்கு முன்பே எழுதப்பட்டது.

"அப்ப வைரஸே இல்லியா?"

"இல்ல ராத்தா. இந்தக் கடிதம்தான் பரவுது."

தம் ஆட்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பயத்தை மட்டும் தின்று, நாடு நாடாக இத்தனை வருடம் உயிரோடிருந்திருக்கிறது ஒரு பொய்.

கடிதத்தின் மேலே, அது கைமாறி வந்த ஆட்களின் முகவரிகள் நிறைந்திருந்தன. ராத்தா விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இவங்களெல்லாம் பயந்துக்கிட்டு இருப்பாங்களே" என்றவர், அத்தனை பேருக்கும் தானே தட்டி அனுப்பினார்: 'இது பொய். நாங்க தேடிப் பாத்திட்டம். பயப்படாதீங்க. கல்முனையிலிருந்து.'

மறுநாள் ரியாத்திலிருந்து ஒரு பதில் வந்திருந்தது. 'மச்சான், நீ உயிரோட இருக்கியா? உன்ட பேரப் பாத்ததும் அழுதிட்டன்.' சவூதியில் கணவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவராம்; அந்த முகவரிகளில் ஒன்று அவருடையது.

ராத்தா கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: 'அவர் மௌத்தாகிட்டார். நான் அவர்ட பெண்சாதி.'

சில நாட்கள் கழித்து அந்த மனிதர் ஒரு படம் அனுப்பினார். வீட்டோடு எல்லாப் படங்களும் போயிருந்தன. கணவரின் முகம் இருந்த ஒரு துண்டுக் கடதாசிகூட ராத்தாவிடம் மிஞ்சவில்லை. படம் மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் சுவர், பிறகு தலைமுடி, நெற்றி, கண்கள். பெரிய சட்டியின் முன் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, அகப்பையில் எடுத்த கறியை ருசி பார்த்துக்கொண்டிருந்தார் ராத்தாவின் கணவர்.

"யா அல்லாஹ்!" ராத்தா வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் ஓடியது. "வீட்டில ஒரு நாளும் தேத்தண்ணி கூட ஊத்தினதில்ல தம்பி இந்த மனிசன்!"

மற்றக் கணினிகளில் இருந்தவர்களும் எழும்பி வந்து பின்னால் நின்றார்கள். ராத்தா பிள்ளைகளைக் கூட்டிவர ஓடினார்.