பிறக்காத பிள்ளைக்கு லீவு

“…அதனால நீங்க டென்ஷனே ஆகாதீங்க ஆண்ட்டி. கல்யாணம் ஆனதும் உங்க பையனுக்கு டெய்லி காலைல கொஞ்சம், சாயந்திரம் நிறைய வேலை குடுப்பேன். சண்டேன்னா ஃபுல்லா வேலைதான்!”

இட்லியைப் பிட்ட கை தட்டிலேயே நின்றுவிட்டது. கை, பையனின் அம்மாவுடையது. மகன் மனசில் வைத்திருக்கும் பெண்ணைப் பார்ப்பதற்காக அன்று காலைதான் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். இடம், புனே ஹடப்சரில் எங்கள் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜை. பையனுக்குச் சட்னி புரையேறி, பேச முடியாமல் இருமிக்கொண்டிருந்தான்.

பையனும் அப்படிப் பேசிய பெண்ணும் எம்.எஸ்ஸி. கடைசி வருடம், ஒரே வகுப்பு. அவன் விடுதிச் சாப்பாட்டுக்குப் பயந்து ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு இட்லிக்கு வருகிறவன். அவள் அவனோடு வந்து, பிறகு அவனைவிடவும் எனக்கு நெருக்கமாகிவிட்டவள். புனேயிலேயே பிறந்தவள். அவள் அப்பாவுக்குக் கடக்வாஸ்லாப் பக்கம் ராணுவ ஆபீசில் உத்தியோகம்.

நான் பத்தாவதோடு நின்றவள். மீதிப் படிப்பெல்லாம் அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டது. இந்த இரண்டு பேரின் பேச்சுக்கு எங்கள் மேஜையில் ஒரு வருடமாகப் பஞ்சமே இல்லை.

“பாப்பாவுக்கு ஜுரம்னா, அன்னிக்கு யாருக்கு மீட்டிங் சின்னதோ அவங்க லீவு” என்பான் அவன்.

“உன் மீட்டிங் எப்ப சின்னதா இருந்திருக்கு?” என்பாள் இவள்.

“வீடு மகர்பட்டாலயே பாத்துடலாம். நீ ஆபீசுக்கு நடந்தே போயிடலாம். ட்ராஃபிக்ல நிக்கற நேரம் பாப்பாவுக்கு மிச்சம்.”

“சமையல்?”

“கத்துக்கறேன்.”

“இதையே போன மாசமும் சொன்னே!”

பரீட்சையே இன்னும் எழுதவில்லை. பிறக்காத பிள்ளைக்கு ஜுரம் வந்து, லீவும் போட்டாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்காது.

ஆனால் அன்று அவளுக்குச் சிரிப்பே வரவில்லை. மகர்பட்டாவில் ஒரு கம்பெனியில் உத்தியோகம் உறுதியாகியிருந்தது. பரீட்சை முடிந்ததும் சேர வேண்டும். பையனின் அம்மா போனில் ஒரே கேள்விதான் கேட்டிருந்தாராம்: “அந்தப் புள்ளை வேலையை உடுமா, உடாதா?” சமையலறையில் என் காதோடு சொன்னாள்: “ஜாப்பை விடுன்னாங்கன்னா நோ சொல்லிடுவேன் அக்கா. ஆனா அவனையும் விட முடியாதே!”

அவள் தமிழில் ‘நேரம்’ என்ற சொல்லே கிடையாது. மராத்தியில் நேரத்துக்கு ‘வேள்’ என்பார்கள். அதையே ‘வேள’ என்று தமிழாக்கி வைத்திருந்தாள். அதோடு அவளுடைய அழுத்தமான மராத்தி ‘ள’வை அவன் கேலி செய்துகொண்டே இருப்பான். அன்று பயத்தில் நாக்கைத் திருத்துகிறேன் என்று எல்லா ‘ள’வையும் ‘ல’ ஆக்கிவிட்டாள். வாசலிலேயே “உல்ல வாங்க ஆண்ட்டி” என்றுதான் ஆரம்பித்தாள்.

“என்ற பையனுக்கா? லீவு நாள்ல கூடயா?” என்றார் அந்த அம்மா.

“பாப்பா பொறந்தா அதுக்குத்தான் ஆண்ட்டி ஜாஸ்தி வேலை குடுக்கணும். சின்ன வயசுலதான் அதுக்கு வேணும்.”

“ஏஞ்சாமி, கைக்கொளந்தைக்கா!”

“நீங்க இங்க வந்து தங்கினா உங்கலுக்கும் தனியா குடுப்பேன்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க, இப்பத்தானுங்க பேங்க்ல ரிட்டயர் ஆயி உக்காந்தேன்!”

பையனுக்கு ஒருவழியாகக் குரல் வந்தது. “அம்மா, நேரம்மா! நேரம் குடுப்பேங்கறா!” மராத்தியை அவன் விளக்கி முடிப்பதற்குள் அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்ன சொல்லியிருக்கிறோம் என்று புரிந்ததும் அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

சிரித்து ஓய்ந்தபின் அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “செரி கண்ணு. நேரம் குடுப்பே. வேலையை என்ன பண்றதா இருக்கே?”

அவள் கையை எடுத்தாள். “ஜாப்பை விட மாட்டேன் ஆண்ட்டி.” இந்தத் தடவை ‘மாட்டேன்’ நன்றாக அழுத்தமாக வந்தது.

அவர் தண்ணீரை எடுத்து மெதுவாகக் குடித்தார்.

“நான் பேங்குக்குப் போன காலத்துல இவங்கப்பா ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடிச்சதில்லை. கவுன்ட்டர்லயும் நானே, அடுப்புலயும் நானே. அப்படி நீயும் அல்லாட வேண்டாமேன்னுதான் உடுவியான்னு கேட்டேன். உடாம இருக்கோணும்னா நீ மொதல்ல சொன்னதுதான் செரி. என்ற பையனுக்கு வேலையே குடு. ஞாயித்துக்கெளமையும் உட்டுப்போடாதே.”

“அம்மா!” என்றான் அவன்.

“நீ சும்மா இர்றா. அந்தப் புள்ளைக்கு இன்னும் ரெண்டு இட்லி வையி.”

அவள் சட்டென்று எழுந்தாள். காலில் விழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ பால்கனிக்கு ஓடினாள். நல்ல சேதி வந்தால்தான் மேலே வருவேன் என்று கீழே ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்த தன் அப்பாவைப் பார்த்து, ‘வாங்க’வுக்கு மராத்தி ‘யா’வைப் போட்டு, கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்: “அப்பா! மேல யா, மேல யா! இட்லி சூடா இருக்கு!”