அயான் படாத துண்டு

எங்கள் திட்டத் தலைவர் போனில் சிரித்துப் பேசினால் நான் கணக்கை இன்னொரு முறை சரிபார்ப்பேன். அன்றைக்குச் சிரித்தார்.

"கவிதா, படம் பாத்தியாம்மா? எவ்வளவு டேமேஜ்! வெள்ளிக்கிழமை கமிட்டியில இதைத்தான் வைக்கப்போறேன். ப்ராஜெக்ட் நீட்டிப்பு கெடைச்ச மாதிரிதான்."

நீட்டிப்பு இல்லையென்றால் என் வேலையும் இல்லை. பிரசவ விடுப்பு முடிந்த பிறகு, கொடைக்கானல் மலையில் உள்ள கவுஞ்சியில் மாமியார் வீட்டிலிருந்தே வேலை பார்க்க விட்டிருந்தார்கள்.

சமவெளியில் உள்ள ஆய்வகத்தில் இரும்புத் துண்டின் மீது அயான்களை, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களை, வேகமாகப் பாய்ச்சுவார்கள். அயான் இடித்ததும், வரிசையாக அடுக்கியிருக்கும் அணுக்கள் இடம் பெயரும். அணு உலைக்குள் உலோகம் பல ஆண்டுகள் படும் பாட்டை விரைவாகப் பார்க்க இது ஒரு வழி. துண்டிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சேதம் கரும்புள்ளிகளாகத் தெரியும். படங்களில் அவற்றை எண்ணுவது என் வேலை. பூண்டுத் தோட்டத்தின் மேல் வரப்பில்தான் சிக்னல் கிடைக்கும். ஆகவே அலுவலகமும் அங்கேதான்.

அன்றைய படங்களில் புள்ளிகள் மிக அதிகம். கணக்குப்படி அவ்வளவு வரக் கூடாது. சாருக்கு அது கண்டுபிடிப்பு, எனக்குச் சந்தேகம். எனக்கு எதில்தான் சந்தேகமில்லை?

வீட்டுக்கு இறங்கி, கை கழுவிவிட்டு மகளின் நெற்றியைத் தொட்டேன். சுட்டது. உடனே, சாப்பிட உட்கார்ந்திருந்த கணவரின் நெற்றியையும் தொட்டேன்.

"ஆரம்பிச்சுட்டா," என்றார் அவர்.

அத்தை சிரித்தார். "ஏத்தா, இந்தக் குளுருல ஒன் கை ஐஸாக் கெடக்கு. எங்க தொட்டாலும் சுடத்தான் செய்யும். போன வாரம் ஆட்டுக்குட்டிக்கும் காய்ச்சல்னியே!"

கொடைக்கானல் டாக்டரிடம் வீணாக ஓடி அசடு வழிந்த பிறகு நானே வகுத்துக்கொண்ட முறை இது. காய்ச்சல் இல்லாத ஒருவரையும் அதே கையால் தொட்டுப் பார்ப்பேன். தெர்மாமீட்டரும் முதலில் கணவரின் அக்குளுக்குத்தான் போகும். அன்று அவருக்கும் மகளுக்கும் ஒரே சூடு; காய்ச்சல் இல்லை.

அப்படியே நின்றுவிட்டேன். சீவல் எடுக்கும் மிஷினும் ஓர் அயான் கற்றையால்தான் வெட்டுகிறது. வெட்டும்போது அதுவே புள்ளி வைத்திருந்தால்? அயான் பாய்ச்சாத துண்டை யாரும் அதே மிஷினில் சீவிப் பார்க்கவில்லை.

சொன்னால் கோபிப்பாரா, சொல்லாவிட்டால் தப்பாகிவிடுமா என்று குழம்பியபடியே மறுபடி மேல் வரப்புக்கு ஏறினேன்.

"சார், அயான் பீம் படாத துண்டையும் அதே மாதிரி சீவிப் பாத்துடலாமா?"

"இப்பவா? ஒனக்குச் சந்தேகம்தான் மூணு வேளைச் சோறு."

"கமிட்டியில யாராவது கேட்டா சார்…"

அவர் சிரிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

வியாழக்கிழமை படம் வந்தது. பீம் படாத துண்டிலும் புள்ளிகள்! சீவல்களின் வெட்டுப்பட்ட மேற்பரப்பை எலெக்ட்ரோபாலிஷ் முறையில், அமிலமும் மின்சாரமும் கொண்டு, மெல்லக் கரைத்ததும் அந்தத் துண்டு சுத்தமானது. அயான் பட்ட துண்டில் பாதிக்கும் குறைவாகவே மிஞ்சின. உண்மையான சேதம் அவ்வளவுதான். சார் அதைத்தான் கமிட்டி முன் வைத்தார். அங்கே முதல் கேள்வியே, "பீம் படாததைப் பாத்தீங்களா?" என்பதுதானாம். நீட்டிப்பு கிடைத்தது.

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒன்றும் ஆகாத ஒன்றையும் அதே கையால் தொட்டுப் பாருங்கள்.

இதைச் சொன்னபோது கணவர் கேட்டார்: "சரி, எனக்கே காய்ச்சல் அடிச்சா என்ன செய்வ?"

அன்றிலிருந்து அத்தையின் நெற்றியையும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.