திராட்சைக்கு உப்பு வைத்த மாமனார்

கல்யாணமாகிக் குளச்சல் கடற்கரைக்கு நான் வந்தபோது கொண்டுவந்தவற்றில் எனக்கென்று இருந்தது ஒரு திராட்சைக் குச்சிதான். தக்கலையில் என் அப்பா வளர்த்த கொடியிலிருந்து வெட்டியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. கிணற்றுக்குப் பக்கத்தில் நட்டேன். முதல் வருஷமே பந்தலில் ஏறிவிட்டது. அடுத்த வருஷம் இலைகளின் ஓரம் தீய்ந்து சுருண்டது.

கடல்காற்றும் கிணற்றின் உவர்நீரும் செய்த வேலை. ஆனால் பழி என் மேல்.

"தீட்டு நாளில தொட்டிருப்பா" என்றார் மாமனார். என்னிடம் அல்ல, என் கணவரிடம். மூன்றடி தள்ளி நான் மீன் அரிந்துகொண்டிருந்தேன். எந்த அலைக்கும் அஞ்சாமல் கட்டுமரம் தள்ளுகிற என் கணவர், அப்பாவுக்குத் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து நான் கொடிப்பக்கம் போகக் கூடாது. என்னுடைய கொடி.

மாமனார் அதைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த மரம் தென்னை ஒன்றுதான். எங்கள் கரையில் தென்னை மூட்டில், அடிமரத்தைச் சுற்றி, உப்பும் சாம்பலும் வைப்பார்கள். கருவாட்டுத் தொட்டியில் மிஞ்சிய தண்ணீரையும் கொட்டுவார்கள். தென்னை குடித்துவிட்டுக் காய்க்கும். அதே வைத்தியம் திராட்சைக்கும் நடந்தது. இலை கருகக் கருக, இன்னும் ஒரு பெட்டி உப்பு.

"உப்பு வேண்டாம் மாமா, இது தென்னை இல்லியே" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"ஓ, இனி தக்கலைக்காரி படிப்பிச்சுத் தந்துதான் நான் மரம் வளக்கணும்."

கொடியில் நான்கு இலை மிஞ்சியது. இனி அது பிழைக்காது என்று மாமனாரும் உப்பை நிறுத்திவிட்டார். மாமனார் கடலுக்கு இறங்கியிருந்த நேரம் பார்த்து மூட்டு மண்ணைத் தோண்டி வாயில் போட்டேன். என் மாமியார் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, மண்ணா திங்கிய? முழுகாம இருக்கியா?"

கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. எங்கே குத்தினால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். மீதி மண்ணை அவளிடம் நீட்டினேன். "நீங்களும் தின்னு பாருங்க மாமி."

நாக்கு நுனியில் வைத்தவள் உடனே துப்பினாள். "சவம், கருவாட்டுத் தொட்டி தோத்துப் போவும்."

தீட்டு என்று சொன்னது தவறு என்று அவள் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் மாமனார் கோட்டாற்றுச் சந்தைக்குப் போன நாளில் மண்வெட்டியை எடுத்து வந்தாள். வேர் அறுபடாமல் உப்பு மண்ணை அள்ளினோம். குளத்து வண்டலும் மக்கிய இலையும் போட்டுக் கொடியின் அடியை மேடாக உயர்த்தினோம். தண்ணீர் தேங்காமல் வடிய ஒரு சால் வெட்டினோம். கடல்காற்று நேரே அடிக்காமல் மேற்கே ஓலைத்தட்டி கட்டினோம்.

எங்கள் கிணற்றில் நல்ல நீர் மேலேதான் நிற்கும். ஆழ விட்டு இழுத்தால் உவர் ஏறும். யாரும் கலக்குவதற்கு முன், காலையில் ஓலைப்பட்டையைச் சாய்த்து மேல்தண்ணீரை மட்டும் மொண்டேன். தினமும் தெளிக்காமல், உப்பு வேருக்குக் கீழே இறங்கும்படி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிறைய ஊற்றினேன். மிச்சத்தை வைகாசியில், எங்கள் இடவ மாதத்தில், பெய்த மழை கழுவிவிட்டது.

சிங்க மாதத்தில், அதாவது ஆவணியில், தளிர் வந்தது. மாமனார் தெருவெல்லாம் சொன்னார்: "ரெண்டு வருசம் உப்பு குடிச்ச வேருல்லா, இப்பம்தான் சத்து பிடிச்சிருக்கு."

சொன்னதோடு விட்டாரா? மறுநாள் மறுபடியும் உப்புப் பெட்டியோடு வந்தார். நான் மண்மேட்டில் ஏறிக் கொடியை ஒட்டி நின்றுகொண்டேன்.

"அங்க இருந்து மாறு."

"மாற மாட்டேன்."

மருமகளைத் தொட்டு விலக்க அவரால் முடியாது. மகனைக் கூப்பிட்டார். என் கணவர் பின்னிக்கொண்டிருந்த வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அடுப்படியிலிருந்து மாமிதான் சொன்னாள்: "அவளுக்க கால்லயா உப்பு வைப்பிய? போய் தென்னைக்கு வையுங்க."

போனார். அதன்பின் ஒரு மாதம், நான் பரிமாறினால் அவர் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.