ஈர மாவில் எடுத்த அளவு

எங்கள் சைக்கிள் சங்கத்தின் செயலாளர் என் அக்காவைப் பற்றி எழுதியது பொய். தனுஷ்கோடிப் பயணம் பற்றி ஆண்டு மலரில் எழுதும்போது, "ஒரு சகோதரி உடல் தாங்காமல் இரண்டாம் நாளே திரும்பிவிட்டார்" என்று ஒரு வரி போட்டிருக்கிறார். அக்காவின் உடல் எதைத் தாங்கும் என்று அவருக்கு என்ன தெரியும்? ராசிபுரம் பக்கத்தில் நானும் அவளும் சேர்ந்து, மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ மில் நடத்துகிறோம். நாற்பத்தாறு வயதிலும் கிழங்கு லாரிமேல் ஏறி நின்று லோடு பார்ப்பவள் அவள்.

அவளைக் கஷ்டப்படுத்தியது சீட்டு. கியர் சைக்கிளோடு வந்த சீட்டில் மோகனூர் வரை போய்த் திரும்பியதற்கே தொடை உரசிப் புண்ணாகிவிட்டது. செயலாளர் மெத்தை மாதிரி தடித்த லேடீஸ் சீட்டு ஒன்றைக் கொடுத்தார். அதில் உட்கார்ந்தால் எலும்பு உள்ளே அமுங்கி, அரை மணியில் மரத்துப்போனது. பழகினால் சரியாகும் என்றார் அவர். "செருப்புக் கடிச்சா செருப்பைத்தானுங்க மாத்துவாங்க, காலையா மாத்துவாங்க?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். உட்காரும்போது கீழே அழுந்துவது இரண்டு எலும்புகள். அவற்றின் இடைவெளி தெரிந்தால் அதற்கேற்ற அகலத்தில் சீட்டு வாங்கலாம். ஒரு நாள் காலை, தொட்டியிலிருந்து எடுத்த ஈர மாவைக் களத்தில் தடிமனாகப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு, எல்லோர் முன்னாலும் உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த மாவுல ஜவ்வரிசி போட்டா ஆருங்க வாங்குவாங்க?" என்றாள் மாவு காயப்போடும் பெண்.

"பாயசம் வெச்சு மொத டம்ளர் உனக்குத்தான்" என்றாள் அக்கா.

எழுந்தபோது மாவில் இரண்டு குழிகள். "டேப்பு வெச்சு அளந்துரு சாமி" என்று என்னிடம் சொல்லிவிட்டு பாய்லர் பக்கம் போனாள். அந்த நேரம் பார்த்து லோடு லாரி வந்தது. நான் டேப்போடு திரும்பியபோது சாயங்காலம். வெயிலில் மாவு சுருங்கி வெடித்திருந்தது. துண்டுகளைக் கையால் நெருக்கி வைத்து அளந்தேன். அந்த அளவுக்குத்தான் சேலத்தில் சீட்டு வாங்கினோம். வந்த மூன்றாம் நாளே பயணம். புதுச் சீட்டை ஓட்டிப் பார்க்க நாள் இல்லை.

திண்டுக்கல் தாண்டும்போது அவளுக்கு ரத்தம் கசிந்தது. சைக்கிளை பஸ் மேலே ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். புண் ஆறியதும் மறுபடி ஈர மாவில் உட்கார்ந்து, எழுந்த கையோடு தானே அளந்தாள். என் அளவைவிட ஒரு விரற்கடை அதிகம் இருந்தது.

"அன்னிக்கு எப்படா அளந்த?"

"சாயந்தரம்."

"மாவு காஞ்சா சுருங்கும்னு சேகோக்காரனுக்கு ஆருடா சொல்லித் தரோணும்?" என்றவள், களத்திலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மலர் வந்தபோது அவள் மறுத்து எதுவும் எழுதவில்லை. எழுதினால் என் பெயர் வரும், ஊரே என்னைக் கேலி செய்யும் என்றுதான் வாயை மூடிக்கொண்டாள். அது எனக்குத் தெரியும். சொல்லப்போனால், "உடம்பு தாங்கலையாமே?" என்று சந்தையில் ஒருத்தர் கேட்டதற்கும், "ஆமாங்க" என்று சொல்லி நகர்ந்தாள். அந்த "ஆமாங்க"வை என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்தத் தை மாதம், சரியான அகலத்தில் கெட்டியான சீட்டு போட்டு, தனியாகவே தனுஷ்கோடி போய் வந்தாள். போக நாலு நாள், வர நாலு நாள். ஒரு கொப்புளம் இல்லை. சங்கத்துக்கு அவள் சொல்லவில்லை.

நான் சொல்கிறேன். தப்பாக அளந்தவன் நான். என் பங்குக்கு இதை எழுதி எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டாயிற்று. இனி செயலாளர் அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லட்டும்: அன்று திண்டுக்கல் தாண்டி, ஏம்மா திரும்புகிறாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா, இல்லையா?